புள்ளியாகும் வேளை

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958-ஆம் வருஷம் வெளிவந்த படம். கதை தொடங்குமுன் வரும் அதன் தலைப்புக் காட்சியில், ஒரு பெண்ணின் முகத்தை மிக அருகில் நின்று உதடு, கண்கள் என்று பகுதி பகுதியாகப் பார்த்துக்கொண்டிருந்த காமிரா, கடைசியில் ஒற்றைக் கண்ணை நோக்கி நெருங்க, திரையெங்கும் செந்நிறம் பரவ, அந்தக் கண்மணியின் நடுவிலிருந்து படத்தின் பெயர் ஒரு பொடியாகப் புறப்பட்டு நம்மை நோக்கி வளர்ந்து வருகிறது. அது அகன்ற பிறகு அதே ஆழத்திலிருந்து சுருள் சுருளான கோட்டுருவங்கள் சுழன்றபடியே எழுந்து பெரிதாகின்றன. காட்சியை அமைத்தவர் சால் பாஸ். சுருள்களை உண்டாக்கித் தந்தவர், யுத்தகாலத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணித்துக் கொடுத்த யந்திரங்களைச் சித்திர வேலைக்குத் திருப்பிய ஜான் விட்னி. இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் மயக்கத்தைப் பற்றியும் சுழற்சியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். என் மனம் லயிப்பது வேறோர் இடத்தில்: சிறியதாக இருந்த ஒன்று பெரியதாகும்போது அதன் விளிம்பு என்ன ஆகிறது என்பதில்.

பிலிம் காலத்தில் ஓர் எழுத்தைத் திரையில் வளரச்செய்ய இரண்டு மார்க்கங்கள் இருந்தன. ஏற்கெனவே படம்பிடித்துக் கழுவிய பிலிமை ஆப்டிகல் பிரிண்டர் என்னும் யந்திரத்தில் மாட்டி, எதிரே இருக்கும் மற்றொரு காமிராவினால் அதைப் பெரிதாக்கி மறுபடியும் பிடிப்பது ஒன்று. இந்த மார்க்கத்தில் எழுத்து வளர்வதோடு, பிலிமுக்கே உரிய பொடித்துகளும் கூடவே வளரும். விளிம்பு தளர்ந்து, கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடத்தில் ஒரு கலக்கம் தோன்றி, எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவு அந்தக் கலக்கமும் விஸ்தாரமாகும். மற்றொரு மார்க்கம், அனிமேஷன் ஸ்டாண்ட் என்ற மேஜையின்மேல் மூலச் சித்திரத்தையே வைத்து, செங்குத்தான தூணில் தொங்கும் காமிராவை இம்மியளவு இறக்கி ஒரு ஃபிரேம் பிடித்து, மறுபடியும் இம்மியளவு இறக்கி அடுத்த ஃபிரேம் பிடித்து, இப்படியே எழுத்து திரையை நிரப்பும்வரை போய்க்கொண்டிருப்பது. இங்கே ஒவ்வொரு ஃபிரேமும் மூலத்தின் மையிலிருந்து நேரே பிறக்கிறது. ஒன்றின் குறை மற்றொன்றுக்கு இறங்குவதில்லை. நேரமும் பொறுமையும் மிகுதியாகப் பிடிக்கும் காரியம்தான். ஆயினும் கடைசி ஃபிரேமில் நிற்கும் எழுத்து முதல் ஃபிரேமில் நின்ற எழுத்துக்கு எந்த விதத்திலும் தாழ்ந்ததாக இராது.

இந்த இரண்டு மார்க்கங்களுக்கும் உள்ள பேதத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு, இன்று ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் மென்பொருளில் லேயர் எனப்படும் அடுக்குகளின் பெயருக்கு அருகே, கதிர்கள் விரிந்த சிறிய சூரியனைப்போல் இருக்கிற ஒரு சுவிட்சின் தாத்பரியம் முக்கால்வாசி விளங்கிவிடும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளில் கோடுகளால் வரைந்த ஒரு முத்திரையை உள்ளே கொண்டுவந்து, அந்தச் சுவிட்சைத் தொடாமல் எட்டு மடங்கு பெரிதாக்கினால், மென்பொருள் முதலில் அந்த முத்திரையை அதன் இயல்பான அளவில் புள்ளிகளாக மாற்றிக்கொண்டு, பிறகு அந்தப் புள்ளிகளை எட்டு மடங்காக இழுக்கிறது. இது ஆப்டிகல் பிரிண்டரின் மார்க்கம். 'பிக்சல் உடைகிறது' என்று நம்முடைய எடிட்டிங் அறைகளில் அலுத்துக்கொள்வார்களே, அந்த உடைவு இங்கேதான் உற்பத்தியாகிறது. சுவிட்சைப் போட்டுவிட்டாலோ, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மென்பொருள் மூலக் கோட்டுக்கே திரும்பிப்போய், அந்தக் கணத்தில் அது எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டுமோ அவ்வளவு பெரிதாக அதைக் கணக்கிட்டு, அதன் பிறகே புள்ளிகளாக்குகிறது; காமிராவை இம்மி இம்மியாக இறக்கிய அந்தப் பழைய தொழிலாளியின் பொறுமையைக் கணிதம் மேற்கொண்டுவிட்டது. கன்டினியுவஸ்லி ராஸ்டரைஸ் என்பது இதற்கு வைத்த பெயர். பெயர் முரடாக இருந்தாலும் காரியம் நேர்த்தியானது.

கணிதம் இதை எப்படிச் சாதிக்கிறது என்பதில் ஒரு சௌந்தர்யம் இருக்கிறது. அதை விவரிக்காமல் போக எனக்கு மனம் வரவில்லை. இப்படிக் கோடாகவே வைத்திருக்கும் சித்திரத்துக்கு வெக்டர் என்று பெயர்; அதன் வளைவுகளுக்குப் பியர் பெஸியே என்ற பிரெஞ்சு எஞ்சினியரின் பெயர் வழங்குகிறது. ரெனோ மோட்டார் கம்பெனியில் வேலைபார்த்த அவர், காரின் உடலை வடிக்கும் வளைவுகளை யந்திரத்துக்குப் புரியும் பாஷையில் எழுத 1960-களில் ஒரு முறையை வகுத்து வெளியிட்டார். அதற்கும் முன்னாலேயே, 1959-இல், போட்டிக் கம்பெனியான சித்ரோவனில் பால் டி காஸ்டல்ஜோ என்ற கணிதவாணர் அதே வளைவுகளைக் கண்டுபிடித்திருந்தார்; கம்பெனி அதை ரகசியமாகவே வைத்துக்கொண்டதால் கீர்த்தி மற்றவருக்குப் போயிற்று. காஸ்டல்ஜோவின் வழி மிக எளிது. நான்கு புள்ளிகளை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சேர்த்தால் மூன்று நேர்கோடுகள் கிடைக்கும். அந்த மூன்றின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் ஒரே கோடு. அதனுடைய நடுப்புள்ளி எங்கே விழுகிறதோ அது நாம் தேடிய வளைவின்மேல் இருக்கும். நடுவுக்குப் பதிலாக வேறு விகிதத்தில் பிரித்துக்கொண்டே போனால் வளைவின் மற்றப் புள்ளிகளும் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். நேர்கோட்டைப் பிரிப்பதைத் தவிர வேறு எந்த வித்தையும் இதில் இல்லை.

இனித்தான் விசேஷம். அந்த நான்கு புள்ளிகளை மட்டும் பத்து மடங்கு விலக்கி வைத்து இதே கிரியையைச் செய்தால், முந்தைய வளைவின் பத்து மடங்கான வளைவு, ஒரு மயிரிழையும் பிசகாமல் கிடைத்துவிடுகிறது. வளைவின் மேலுள்ள எண்ணற்ற புள்ளிகளை யாரும் தொடவேண்டியதில்லை. ஒரு புள்ளிக்கு இரண்டு எண் வீதம் எட்டு எண்களைப் பெருக்கினால் போதும். திருப்பினாலும் சாய்த்தாலும் இதே நியாயம்தான். சித்திரம் முழுவதும் தன்னுடைய விளைவைச் சுமந்து திரியாமல் தன்னுடைய விதியை மட்டும் சுமந்து திரிகிறது என்பதே இதன் அர்த்தம். ஒரு காரின் கதவுக்காகப் பிறந்த இந்த உபாயம், 1982-இல் ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் தொடங்கிய அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் பாஷையில் புகுந்து அச்சுத் தொழிலுக்கு வந்தது. 1985-இல் வந்த லேசர்ரைட்டர் என்ற அச்சு யந்திரம் அங்குலத்துக்கு 300 புள்ளியில் அடித்த அதே பக்கத்தை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளி வைக்கும் அச்சுக்கோர்ப்பு யந்திரத்துக்கு அனுப்பினாலும் அது தன் சக்திக்கு ஏற்ப அடித்துக்கொள்ளும். எத்தனை புள்ளி என்ற தீர்மானத்தை வரைந்தவரிடமிருந்து எடுத்து, தாளின்மேல் மை விழும் இடத்துக்கே கொண்டுபோனதுதான் வார்னாக்கின் சாதுரியம். 1987-இல் இல்லஸ்ட்ரேட்டரும், 1993-இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் கோஸா என்ற சிறிய கம்பெனியின் கையால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் வந்தன. கோஸாவை ஆல்டஸ் வாங்கி, ஆல்டஸை அடோபி வாங்கி, அசையாச் சித்திரமும் அசையும் சித்திரமும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தது 1994-இல்.

கூர்மை என்று நாம் கொண்டாடுவது எதை என்பதையும் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கவேண்டும். திரையில் கோடுகளே கிடையாது. 1920-க்கு 1080 என்று சதுரக் களங்கள் இருபது லட்சத்துச் சொச்சம் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு வளைவு ஒரு களத்தின் வழியே குறுக்கே போகும்போது, அந்தக் களத்தில் எத்தனை பாகத்தை அது மூடுகிறதோ அத்தனை பாகம் கறுப்பும் மிச்சம் வெளுப்புமாகக் கலந்து ஒரு சாம்பல் நிறத்தை அங்கே வைக்கிறார்கள். இந்தச் சாம்பலை நீக்கிவிட்டால் விளிம்பு படிக்கட்டாகிவிடும். ஆகவே கூரிய விளிம்பு என்று நம் கண் நம்புவதும் உண்மையில் ஒரு மெல்லிய மங்கல்தான். ஒரு களத்தின் அகலத்தைத் தாண்டாத மங்கல். புள்ளிகளை எட்டு மடங்கு இழுக்கும்போது அந்தச் சாம்பல் வேலியும் எட்டுக் களம் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. கோட்டை இழுத்துப் பிறகு புள்ளியாக்கும்போதோ, முத்திரை எறும்பளவு இருந்தாலும் திரையளவு இருந்தாலும் வேலி ஒரே களத்தில் நிற்கிறது. கூர்மை என்பது இந்த விகிதம்தான். விருந்தாளி இலையில் உட்காரும்வரை அரிசியாகவே வைத்திருந்து பிறகு உலையிலிடும் குடும்பஸ்திரீக்குத் தெரிந்த சூட்சுமம் இது: காலையிலேயே வடித்து வைத்த நாலு பேர் சோற்றைத் தண்ணீர் விட்டு நாற்பது பேருக்கு ஆக்க முடியாது. புள்ளியாகும் வேளையை எவ்வளவுக்கெவ்வளவு தள்ளிப்போடுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்பதே இந்தக் கலையின் தலையாய சூத்திரம்.

ஆனால் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை அறிந்தவர்தான் கைதேர்ந்தவர். சாதாரணமாக ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒரு லேயரை எடுத்துக்கொண்டால், முதலில் மாஸ்க், அடுத்து எஃபெக்ட், அதன் பிறகே பெரிதாக்குவதும் நகர்த்துவதும் என்ற கிரமத்தில் வேலைசெய்யும். சூரியச் சுவிட்சைப் போட்டதும் இந்தக் கிரமம் புரண்டுவிடுகிறது. பெரிதாக்குவது முன்னாலும் எஃபெக்ட் பின்னாலும் வந்துவிடுகின்றன. பத்துப் புள்ளி தூரத்தில் நிழல் விழும்படி ஒரு முத்திரைக்கு டிராப் ஷேடோ போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரை எட்டு மடங்காகும்போது நிழலும் எண்பது புள்ளிக்குப் போவதுதான் லோக நியாயம். இங்கேயோ முத்திரை வளர்ந்துகொண்டே போக, நிழல் அதே பத்துப் புள்ளியில் நின்றுவிட, முத்திரை தரையை விட்டு எழும்புவதற்குப் பதில் தரையோடு ஒட்டிக்கொண்டே பருப்பதுபோன்ற ஒரு விநோத பிரமை உண்டாகிறது. பிளரும் இப்படியே. தொழில் பழகாதவர்கள் இதை மென்பொருளின் பிழை என்று கருதிச் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். நிழல் சரியாகும், விளிம்பு போகும். பழகியவர்களோ நிழலின் அளவை முத்திரையின் அளவோடு எக்ஸ்பிரஷன் என்னும் ஒரு சிறு சூத்திரத்தால் பிணைத்துவிட்டு, இரண்டையும் சேர்ந்தே வளரவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியாது. நிழல் இயற்கையாக இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தோன்றாது.

அதே சுவிட்சுக்கு மற்றொரு பிறவியும் உண்டு. பல லேயர்களைச் சேர்த்து ஒரு காம்ப் ஆக்கி, அந்தக் காம்பையே இன்னொரு காம்புக்குள் ஒரு லேயராகப் போடும்போது, அந்தச் சூரியன் கொலாப்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ் என்ற பெயரில் உதிக்கிறது. உள்ளே ஒரு சித்திரத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டு, வெளியே அந்தக் காம்பைப் பத்து மடங்காகப் பெருக்கினால், சுவிட்ச் இல்லாதபோது கிடைப்பது வெறும் கட்டம் கட்டமான அவலட்சணம். உள்ளே சுருங்கியபோதே அது புள்ளியாகி, அதன் நுட்பமெல்லாம் தொலைந்துவிட்டது. சுவிட்ச் இருந்தால், மென்பொருள் இரண்டு கட்டளைகளையும் நிறைவேற்றாமல் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று பெருக்கிப் பார்த்து, பத்தில் ஒன்றும் பத்தும் சேர்ந்தால் ஒன்றுதானே என்று கண்டு, மூலத்தை மூலமாகவே நம் முன் வைக்கிறது. வெக்டருக்கு மட்டுமல்ல, ஒரு பெரிய புகைப்படத்துக்கும் இந்த அநுக்கிரகம் கிடைக்கும். எத்தனை பெட்டிகளுக்குள் எத்தனை பெட்டிகள் இருந்தாலும், எல்லாக் கட்டளைகளும் திரண்டு ஒரே கட்டளையாகி, கடைசியில் ஒருமுறை மட்டும் சித்திரத்தைத் தொடும் இந்த ஏற்பாட்டில் எனக்கு உள்ள பிரியம் கொஞ்சநஞ்சமல்ல.

இதற்கும் விலை இருக்கிறது. உள்ளிருக்கும் காம்பின் நான்கு சுவர்களும் கரைந்துபோய்விடுகின்றன. சட்டத்துக்கு வெளியே, யாருக்கும் தெரியாது என்று ஒதுக்கி வைத்திருந்த உதிரி உருவங்களெல்லாம் திடீரென்று அரங்கத்தில் வந்து நிற்கும். உள்ளே ஒரு லேயருக்குக் கொடுத்த கலப்பு முறை, வெளியே இருக்கும் பின்னணியோடும் கலக்கத் தொடங்கிவிடும். சுத்தமாக வேலைசெய்தவருடைய காம்ப் எது, ஒப்பேற்றியவருடைய காம்ப் எது என்பதை இந்தச் சுவிட்சைத் தட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் கண்டுகொள்ளலாம். சிஷ்யர்களின் வேலையைச் சோதிக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடச் சுலபமான பரீட்சை கிடையாது.

கூர்மையைப் பாதுகாத்துவிட்டால் மட்டும் வளர்ச்சி அழகாகிவிடுமா என்றால், ஆகாது. வேகத்தின் லட்சணம் வேறு. ஒரு முத்திரையைப் பத்து விநாடியில் 100 சதவீதத்திலிருந்து 1000 சதவீதத்துக்கு, இரண்டு கீஃப்ரேம் வைத்துச் சீராக வளர்த்துப் பாருங்கள். முதல் விநாடியில் 190 ஆகி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கடைசி விநாடியிலோ 910-லிருந்து 1000, பத்தில் ஒரு பங்குகூட வளரவில்லை. எண் சீராகத்தான் போகிறது. கண்ணுக்கு அது பாய்ந்து வந்து பிறகு களைத்து நகர்வதாகப் படுகிறது. அனிமேஷன் ஸ்டாண்டில் காமிராவைச் சம வேகத்தில் இறக்கினால் இதற்கு நேர் விரோதமான தோஷம்: தொடக்கத்தில் சோம்பி, சித்திரத்தை நெருங்க நெருங்க வெறிபிடித்ததுபோல் ஓடும். கண் கேட்பது கூட்டலை அல்ல, பெருக்கலை. ஒவ்வொரு ஃபிரேமும் முந்தியதைப்போல் அதே விகிதத்தில் வளரவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1977-இல் எடுத்த 'பவர்ஸ் ஆஃப் டென்' என்ற சிறு படம் இந்த நியாயத்துக்குக் கட்டிய கோயில் எனலாம்: சிகாகோவில் ஏரிக்கரைப் பூங்காவில் படுத்துறங்கும் ஒரு மனிதரிடமிருந்து புறப்பட்டு, பத்து விநாடிக்குப் பத்து மடங்கு என்ற ஒரே நிதானத்தில் விலகி விலகி, பூமியையும் சூரியனையும் நட்சத்திர மண்டலத்தையும் தாண்டிப் போகிறது. அதில் புகைப்படங்களும் வரைபடங்களும்தான் உண்டு, வெக்டர் இல்லை. ஆனாலும் அந்த நிதானத்தைக் கற்காதவர் வெக்டரைக் கையாண்டும் பிரயோஜனமில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல் என்று ஓர் உதவி இருக்கிறது. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், மேற்சொன்ன பத்து மடங்கை 240 ஃபிரேமுக்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வளரும்படி வைத்துத்தரும். அப்போதுதான் பெரிதாவது நம்மை நோக்கி வருவதாகத் தோன்றும்.

வேகம் மிகும்போது கூர்மை தேவையும் இல்லை. மோஷன் பிளர் போட்டு, ஷட்டரைப் பழைய சினிமாக் காமிராவின் வழக்கப்படி 180 பாகை வைத்துவிட்டால், 24 ஃபிரேம் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் விநாடியின் 48-இல் ஒரு பாகத்து அசைவைத் தன்னுள் பூசிக்கொள்ளும். பாய்ந்து வரும் முத்திரையின் விளிம்பு அப்போது கரைந்தேயிருக்கும். கூர்மை சோதிக்கப்படும் இடம் அது வந்து நிற்கும் கடைசி ஃபிரேம்கள். ஓடிவந்தது நின்று, கரைந்திருந்த விளிம்பு கணத்தில் கூடி இறுகும் அந்த மாற்றத்துக்காகவே நான் சில தலைப்புக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு.

கோட்டின் பருமனைப் பற்றியும் சொல்லவேண்டும். அநேகர் இதைக் கவனிப்பதில்லை. ஒரு தேசப்படத்தை நெருங்கிப் போகும் காட்சியில், நதிகளும் சாலைகளும் நாம் நெருங்கும் விகிதத்திலேயே பருத்துக்கொண்டு வந்தால், ஒரு ஜில்லாவின் எல்லைக்குள் நுழைவதற்குள் சாலை திரையின் கால் பாகத்தை அடைத்துக்கொள்ளும். அச்சுப் படங்களில் தேசப்படத்துக்கும் நகரப்படத்துக்கும் கோட்டின் பருமன் ஏறக்குறைய ஒன்றே, இடைவெளிதான் விரிகிறது. ஷேப் லேயரில் இந்த நயத்தைக் கொண்டுவர வழி இருக்கிறது. கோட்டுக்குப் பருமன் தரும் ஸ்ட்ரோக்கை, பாதை இருக்கும் குரூப்புக்குள் வைத்தால் குரூப் வளரும்போது பருமனும் வளரும். குரூப்புக்கு வெளியே, அதன் கீழே வைத்தால் பாதை மட்டும் வளர்ந்து பருமன் இருந்தபடி இருக்கும். ஓர் இடம் மாற்றத்தில் இரண்டு வேறு உலகங்கள். முன்னது, ஒரு பொருளை நோக்கி நாம் நடந்துபோவது. பின்னது, அதே பொருளைப் பற்றி மேலும் விவரமாக ஒருவர் நமக்கு எழுதிக் காட்டுவது. எது எங்கே பொருந்தும் என்பதைச் சுவிட்ச் சொல்லாது. பத்திரிகை முத்திரை ஒன்று திரையை நோக்கி வரும்போது கோடு பருக்காவிட்டால் அது மெலிந்து நோய்ப்பட்டதுபோல் இருக்கும். தேசப்படத்தில் பருத்தால் அசிங்கம்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இல்லஸ்ட்ரேட்டர் கோப்புக்குள் யாராவது ஒரு புகைப்படத்தை ஒட்டி வைத்திருந்தால் எந்தச் சுவிட்சும் அதைக் காப்பாற்றாது. இல்லஸ்ட்ரேட்டரிலேயே போட்ட மங்கலான நிழல்களும் புள்ளிச் சரக்குதான். பெரிதாக்கும்போது விளிம்பு உடையாத கோடு, சிறிதாக்கும்போது ஒரு களத்தைவிட மெலிந்துபோனால், நகரும் ஒவ்வொரு ஃபிரேமிலும் சாம்பலின் அடர்த்தி மாறி மினுமினுக்கும். இதற்கு மருந்து மென்பொருளில் இல்லை, கோட்டைத் தடிக்க வரைவதில்தான் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: பெஸியே வளைவுகளால் பூரணமான வட்டத்தை வரையவே முடியாது. நான்கு வளைவுகளைக் கூட்டி வட்டம் என்று நமக்குக் கொடுப்பது, ஆரத்தில் நூற்றுக்கு 0.027 அளவு பிசகிய ஓர் உருவம். ஆரம் 500 புள்ளி இருக்கும்வரை அந்தப் பிசகு ஒரு களத்தின் ஏழில் ஒரு பங்குகூட வராது. இருபதாயிரம் புள்ளியாக்கினால் ஐந்து களத்துக்கு மேல் வரும். ஆனால் அப்போது திரையில் தெரிவது வட்டத்தின் ஒரு சிறு துண்டுதான், அதை நேர்கோடு என்றுதான் நினைப்போம். பூரணத்துவம் இல்லாமலேயே பூரணமென்று பெயர் வாங்கிவிட்ட உருவம் அது.

வெக்டரை இவ்வளவு புகழ்ந்தவன் அதனுடைய வறுமையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். கையால் எழுதிய எழுத்தை நெருங்கினால், காகிதத்தின் நாரும், மை ஊறிய திசையும், பேனா தயங்கிய இடமும் ஒவ்வொன்றாகத் தெரியவரும். நெருங்கிய சிரமத்துக்கு ஒரு வெகுமதி கிடைக்கிறது. வெக்டரை ஆயிரம் மடங்கு நெருங்கினாலும் அங்கே காத்திருப்பது அதே விளிம்பு, அதே நிறம். ஆகவே, எல்லாமே கூர்மையாக இருக்கும் காட்சிகள் சில நிமிஷத்தில் சலித்துப்போகின்றன. 2002-இல் வந்த ஸ்பீல்பெர்க்கின் 'கேட்ச் மீ இஃப் யூ கேன்' படத்தின் தலைப்பை அமைத்த ஒலிவியே கூன்ட்ஸெலும் ஃப்ளோரன்ஸ் தெகாவும் இதை நன்றாக அறிந்தவர்கள். அங்கே எழுத்துக்களின் கால்கள் திரையின் மேலும் கீழும் ஓடி நீண்ட கோடுகளாகி, அந்தக் கோடுகளே விமான நிலையமாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறுகின்றன. எவ்வளவு நீண்டாலும் அவற்றின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. அவற்றினூடே ஓடும் மனித உருவங்களோ, கையால் செதுக்கிய முத்திரைகளைக் கொண்டு அச்சிட்டவை. ஓரம் பிசிறும், நிறம் சில இடத்தில் ஒட்டாமலும் இருக்கும். கோடு எட்டாத இடத்தை அந்தப் பிசிறு நிரப்புகிறது. அந்த உருவங்களையும் வெக்டராக்கிச் சுத்தப்படுத்தியிருந்தால், பார்க்க லட்சணமாக, உயிரில்லாமல் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

புள்ளியாகும் வேளையைத் தள்ளிப்போடும் இந்தப் பிரயத்தனம் இப்போது ரெண்டர் அறையையும் தாண்டிவிட்டது. 2017-இல் ஏர்பிஎன்பி நிறுவனம் வெளியிட்ட லாட்டி என்ற ஏற்பாட்டில், ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அமைத்த அசைவு வீடியோவாக மாறுவதே இல்லை. ஹெர்னான் டொரிசி எழுதிய பாடிமூவின் என்ற கருவி, வளைவுகளின் புள்ளிகளையும் கீஃப்ரேம்களையும் ஒரு சிறிய எழுத்துக் கோப்பாக எழுதிக் கொடுத்துவிடுகிறது. பார்ப்பவருடைய கைபேசி அதைப் படித்து, தன் திரையில் எத்தனை களம் இருக்கிறதோ அத்தனைக்குத் தானே வரைந்துகொள்கிறது. வார்னாக் தாளின் விளிம்புவரை தள்ளிய தீர்மானம் இன்று ரசிகரின் உள்ளங்கைவரை போய்விட்டது. லாட்டி என்ற பெயர் லோட்டே ரைனிகருக்குச் செய்த மரியாதை. கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத் தகட்டையும் கத்தரித்து, மூட்டுக்குக் கம்பி கோத்து, கண்ணாடியின்மேல் வைத்துக் கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, மேலேயிருந்த காமிராவால் ஃபிரேம் ஃபிரேமாகப் பிடித்து, 1926-இல் 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' என்ற முழுநீளப் படத்தைச் செய்த ஜெர்மானியப் பெண்மணி அவர். அவருடைய பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு முகத்தில் கண்ணும் இல்லை, கன்னத்தில் நிழலும் இல்லை. கோபமும் காதலும் சோகமும் கத்தரிக்கோல் போன பாதையிலேயே இருந்தன.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் எஃபெக்ட்களில் பெரும்பாலானவை லாட்டிக்குள் போகமாட்டா. ஒளிச் சிதறல், மண் தூவியது போன்ற பரப்பு முதலியவற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். லாட்டிக்காக வரைகிறவர்கள் முதலில் இதைப் பெரிய கட்டுப்பாடாகக் கருதி முணுமுணுக்கிறார்கள். பிறகு நிழல் வேண்டுமென்றால் அதையும் ஓர் உருவமாக, கொஞ்சம் வெளிறிய நிறத்தில், தெளிவான ஓரத்தோடு வரைந்துகொள்ளப் பழகிவிடுகிறார்கள். டிராப் ஷேடோவின் பஞ்சுபோன்ற நிழலைவிட இந்த நிழல் எனக்குப் பிடித்திருக்கிறது. முத்திரை எட்டு மடங்கு வளர்ந்தால் இதுவும் எக்ஸ்பிரஷன் எதுவும் இல்லாமல் எட்டு மடங்கு வளர்கிறது.